ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டுகள்

திங்கட்கிழமை காலை. தங்கச் சுரங்க ஊரான எங்கள் மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறியதும் வழக்கம்போல ஜன்னலோர இருக்கையில் என் பையைப் போட்டு வைத்தேன். கோரமண்டலில் ஜெசிந்தா அக்கா ஏறுவார். பையை எடுத்து என் மடியில் எறிவார். உட்காருவார். வருடக்கணக்கில் இப்படித்தான்.

அன்று கோரமண்டலில் ரயில் நின்றபோது அவருடைய தம்பி விக்டர் பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எங்கள் ஜன்னலைக் கண்டதும் நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா வரலப்பா.”

எதிரில் இருந்த ராஜேந்திரன் அண்ணன் செய்தித்தாளை மடித்தார். “லீவா? வெள்ளிக்கிழம ஒண்ணுமே சொல்லலியே?”

“இல்லண்ணா. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்தாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள...”

பிறகு, மன்னிப்புக் கேட்பவனைப் போலச் சொன்னான்: “நீங்க சீட்டு புடிச்சி வெச்சிருப்பீங்கன்னுதான் சொல்ல வந்தேன்.”

வண்டி ஊதியது. யார் முதலில் இறங்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை. ரயில் போன பிறகு பார்த்தால் அந்தப் பெட்டியில் பாதிப் பேர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். டிபன் டப்பாக்களோடு. அடையாள அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. பெங்களூரில் அன்று பல அலுவலகங்களுக்கு ஆள் வரவில்லை. கேட்டபோது எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்லியிருப்போம்: வீட்டில் ஒருவர் தவறிவிட்டார்.

*

அவரை அறிந்தவர்கள் நிறையப் பேர். அவர் என்ன வேலை பார்த்தார் என்று அறிந்தவர்கள் குறைவு. அதனால் இதை எழுதுகிறேன்.

ரயிலில் “டிஃபென்ஸ்ல கீறாங்க” என்பார்கள். அதைக் கேட்டு மிலிட்டரி என்று நினைத்தவர்கள் உண்டு. எல்லையில் கொஞ்சம் பதற்றம் என்று செய்தி வந்தால் யாராவது குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “யுத்தம் வருமாம்மா?”

“வந்தா கணக்கு மாறும். மாறினா சொல்றேன்” என்பார் அக்கா.

அக்காவும் நானும் வேலை பார்த்தது பெங்களூரில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில். ஒரு மசோதா சட்டமானால் அரசுக்கு என்ன செலவாகும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்கள் கேட்கும். மதிப்பிட்டுத் தருவோம். பாதுகாப்புத் துறை ஜெசிந்தா அக்காவின் பொறுப்பு. கணக்கு அவர் போடுவார். அதை வாக்கியங்களாக்குவது என் வேலை. பக்கத்துப் பக்கத்து மேசை.

“இன்னா கவிஞரே, என் நம்பருக்குப் பொட்டு வெச்சாச்சா?” என்பார் காலையில்.

ஒரு முறை ‘கணிசமான உயர்வு’ என்று எழுதியிருந்தேன். திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

“கணிசம்னா எவ்ளோ?”

“கணிசம்னா... கொஞ்சம் அதிகம்.”

“கொஞ்சமா, அதிகமா?”

அழித்தேன். எங்கள் நட்பின் பெரும்பகுதி இப்படி அழித்ததில் வளர்ந்தது.

*

பட்ஜெட் நாள்.

அலுவலகத்தில் எல்லோரும் தொலைக்காட்சியின் முன் இருப்போம். அக்கா மட்டும் வர மாட்டார். பேச்சு அவருக்கு முக்கியமில்லை. பேச்சு முடிந்து, ஆவணங்கள் இணையத்தில் ஏறிய பிறகுதான் அவருடைய நாள் தொடங்கும். அதுவரை எலுமிச்சை சாதம்.

ஆவணம் ஏறியவுடன் செய்தியாளர்களின் அழைப்புகள் வரும். எல்லோருக்கும் ஒரே கேள்வி: பாதுகாப்புச் செலவு கூடியதா, குறைந்ததா?

அக்காவிடம் ஒரே பதில்: “எதோட?”

போன வருடம் ஒதுக்குவோம் என்று சொன்ன தொகையோடா? பாதி வருடத்தில் திருத்திய தொகையோடா? உண்மையில் செலவழித்த தொகையோடா? ஓய்வூதியத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. ஒரே நாளில், ஒரே அரசின் செலவு, கூடியும் இருக்கும், குறைந்தும் இருக்கும்.

ஒரு செய்தியாளர் கோபப்பட்டார். “மேடம், எனக்கு ஒரு வார்த்தை போதும். ஏறிச்சா, எறங்கிச்சா?”

“லிஃப்ட் இல்ல சார் இது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மாலை ரயிலில் இதை அவர் சொன்னபோது ராஜேந்திரன் அண்ணன் கோபித்துக்கொண்டார். அண்ணனின் அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜ் இயக்கியவர், ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கூண்டு. இவர் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறார். “லிஃப்ட்டுன்னா அவ்ளோ கேவலமா கீதா உனக்கு? எங்க பரம்பரையே ஏத்தறதும் எறக்கறதும்தான்.”

“அதான் சொல்றேன். உங்ககிட்ட ஏறினாங்களா எறங்கினாங்களான்னு கேட்டா சொல்லுவீங்க. அரசாங்கத்துகிட்ட கேட்டா, ரெண்டும்னுது.”

பெட்டி சிரித்தது. அண்ணன் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார்.

*

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு மசோதாவில் ‘கனரக வாகனங்கள் வாங்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தால் பலரும் வாகனத்தின் விலையைத் தேடுவார்கள். அக்கா கேட்பது வேறு. யார் ஓட்டுவார்? அவர் விடுப்பில் போனால் யார் ஓட்டுவார்? வண்டி எங்கே நிற்கும்? அந்தக் கொட்டகைக்குக் கூரை உண்டா? மழைக்குப் பிறகு எதைத் துடைக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்? இதற்காக யார் யாரையோ அழைப்பார். ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள். உதிரிபாகக் கிடங்கில் இருந்தவர்கள். எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் அப்படிப்பட்ட வண்டிகளைச் செய்தவர்கள். நலம் விசாரித்து, பிள்ளைகள் படிப்பை விசாரித்து, கடைசியில் டயருக்கு வருவார்.

“வாங்கறது ஒரு நாள் கூத்துப்பா. வெச்சிக்கிறதுதான் செலவு.” இது அவர் அடிக்கடி சொன்னது.

இன்னொன்று: “தெரியாததுக்கு சைபர் போடாத.”

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். மதிப்பீட்டில் எப்போதும் தெரியாத வரிசைகள் இருக்கும். தகவல் இல்லை, அட்டவணை இல்லை. பெரும்பாலோர் அங்கே ‘மதிப்பிட இயலாது’ என்று எழுதிக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள். நேர்மையாகத்தான் தோன்றும். ஆனால் கீழே கூட்டும்போது காலிக் கட்டம் பூஜ்யமாகத்தான் கூடும். தெரியாது என்று சொன்னது, செலவே இல்லை என்று ஆகிவிடும். அக்கா காலியாக விட மாட்டார். விசாரித்து, தனக்குத் தெரிந்ததை வைத்து, ஏதாவது ஓர் எண்ணைப் போடுவார். பக்கத்தில், இது என் அனுமானம் என்று எழுதுவார்.

அவர் செய்த ஒரே பெரிய தவறு இந்த நல்ல பழக்கத்திலிருந்துதான் வந்தது.

*

பாதுகாப்புச் செலவைப் பற்றி ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், அரசின் சார்பில் அல்லாமல் தாமே முன்வைக்கும் தனிநபர் மசோதா கொண்டுவர விரும்பினார். ஆயுதக் கொள்முதலுக்கு ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாத நிதி, உதிரிபாகக் கையிருப்பு, இப்படிப் பல பிரிவுகள். கடைசிக்கு முந்தைய பிரிவில் ஒரு சிறிய விஷயம். பாதுகாப்புத் தளவாடங்கள் செய்யும் அரசுத் தொழிற்சாலைகளில் நீண்ட காலம் ஒப்பந்தத்தில் உழைத்தவர்களுக்கு ஓய்வூதியம். அவர்களுக்குப் பின் அவர்கள் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். அதற்கான பணம் பாதுகாப்பு நிதியிலிருந்து.

விக்டர் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் வெல்டர். ஒப்பந்தம். நிரந்தரத் தொழிலாளி போடும் அதே சட்டை, அதே ஷிப்டு, அதே தீப்பொறி. ஓய்வு என்ற ஒன்று மட்டும் கிடையாது. ஒரு நாள் கேட்டில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

தனக்கு வேண்டியவர்களைத் தொடும் பிரிவு என்பதை அக்கா அலுவலகத்தில் முதலிலேயே சொன்னார். அதனால்தான் கணக்கை டெல்லியில் உள்ள ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர் தனியாகச் சரிபார்க்க ஏற்பாடானது.

முதல் வரைவு போனது. உறுப்பினரின் உதவியாளர் மகிழ்ந்தார். இளைஞர், வேகமாகப் பேசுபவர். இந்தப் பிரிவுக்கு ஆகும் தொகை சிறியது, தாங்கக்கூடியது, தைரியமாக வைக்கலாம் என்றார். செய்தி எப்படியோ ரயிலுக்கு வந்துவிட்டது. விக்டர்தான் சொல்லியிருப்பான். ஒரு வாரம் எங்கள் பெட்டி திருவிழா போல இருந்தது. தொழிற்சாலைப் பக்கமே போகாத ராஜேந்திரன் அண்ணன்கூட, அடுத்தது ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர்கள்தான் என்று நம்பத் தொடங்கினார்.

யாரோ மைசூர்பாகு கொண்டுவந்தார்கள். அக்கா ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டு, “இன்னும் ஒண்ணுமே ஆவல, சும்மா இருங்க” என்றார். ஆனால் மீதிப் பாதியையும் சாப்பிட்டார்.

*

சரிபார்க்கும் அதிகாரி காணொளியில் வந்தார். வயதானவர். மிக மரியாதையாக ஆங்கிலத்தில் பேசுபவர். எல்லாப் பிரிவுகளையும் பாராட்டினார். பிறகு தயங்கினார்.

“ஒப்பந்தத் தொழிலாளர்களின் பகுதியில் ஒரு சந்தேகம். அவர்களுக்கு ஏதாவது நோய் இருக்கிறதா?”

“நோயா? இல்லையே சார். ஏன்?”

“ஓய்வுபெற்ற கொஞ்ச காலத்திலேயே எல்லோரும் இறந்துவிடுகிறார்களே.”

அறையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் புன்னகைத்தார். கேலி இல்லை, உண்மையிலேயே புரியவில்லை அவருக்கு.

அக்கா திரையைப் பார்த்தார். அந்த வரிசையின் பெயர் ‘ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டுகள்’. நிரந்தர ஊழியர்களுக்கு அரசிடம் அட்டவணை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் எவ்வளவு காலம் வாழ்கிறார் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. வழக்கமாக அங்கே காலிக் கட்டம் இருந்திருக்கும். அக்கா காலியாக விடவில்லை. தனக்குத் தெரிந்ததைப் போட்டிருந்தார். ஆணுக்கு மிகச் சில ஆண்டுகள். அவருக்குப் பின் மனைவிக்கு நீண்ட நெடுங்காலம்.

முழு ஓய்வூதியம் கொஞ்ச நாள். அதைவிடக் குறைவான குடும்ப ஓய்வூதியம் நெடுநாள். அதனால்தான் தொகை சிறியதாக இருந்தது.

அந்த வரிசையை விளக்கி நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பலமுறை படித்தும் இருந்தேன். எனக்கு அதில் எதுவும் விசித்திரமாகப் படவில்லை. நான் மாரிகுப்பத்துக்காரன்.

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்தோம். அக்கா டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சாப்பிடவில்லை.

“எங்க லைன் வூடுங்கள்ல ரிட்டயர் ஆன ஆம்பளைங்கள நெனச்சிப் பாக்கறேன்பா. எங்கப்பா. எதிர்வூட்டு சவரிமுத்து மாமா. கடைசி வூட்டு முனிசாமி மாமா. எல்லாம் சொரங்கத்துத் தூசியால மூச்சு வாங்கிக்கினு கட்டில்ல. பேரன் பேத்தி பொறக்கறதுக்குள்ள போய்ட்டாங்க. கம்பெனிப் பணம் வாங்கறதுக்கு கியூவுல நின்னா எல்லாம் பொம்பளைங்கதான். வெள்ளப் பொடவ.”

என் தாத்தாவை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

“நான் யாரையும் சாவடிக்கணும்னு போடல. அதான் வழக்கம்னு போட்டேன்.”

கீழே தெருவில் ஒருவர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். அக்கா டப்பாவை மூடினார்.

“விக்டர் வெல்டருப்பா. அவன் சொரங்கத்துல எறங்கினதே இல்ல. அவனுக்குப் போய் அப்பா ஆயுச குடுத்துக்கீறேன்.”

*

அக்கா மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். அதிகாரி கடைசியில் இப்படிச் சொல்லியிருந்தார்: “அட்டவணை இல்லாத இடத்தில் இது உங்கள் அனுமானம். நீங்கள் நம்பினால் வைத்துக்கொள்ளலாம். கீழே ஒரு குறிப்பு எழுதினால் போதும். யாரும் தவறு என்று நிரூபிக்க முடியாது.”

உதவியாளரோ வேறு ஒன்று சொல்லியிருந்தார். தொகை கூடினால் அந்தப் பிரிவை எடுத்துவிடுவார்கள்.

ஆக, வரிசையை அப்படியே விட்டால் பிரிவு பிழைக்கும். மாற்றினால் ஆட்கள் பிழைப்பார்கள், பிரிவு போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோரமண்டலில் அவர் வீட்டில் சாப்பிட்டேன். மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். விக்டர், அவன் மனைவி, அக்காவின் அம்மா. அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டை நடத்தியவர் அவர்தான். கறிக்குழம்பு, சோறு. மேலே தகரக் கூரை சூட்டில் விரிந்து படபடத்துக்கொண்டிருந்தது.

விக்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“அந்தப் பெரியவரே வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாரு இல்ல?”

“சொன்னாரு.”

“அப்புறம் இன்னா? எழுதிடு. சீக்கிரம் போய்டுவாங்கன்னே எழுதிடு. மொதல்ல பில்லு வரட்டும். அதுக்கு மேல நாங்க ஜாஸ்தி நாள் இருந்தா கோர்ட்டுலயா நிக்க வெப்பாங்க, ஏண்டா சாவலன்னு?”

அவன் மனைவி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீ செத்துடுவன்னு நான் டைப் அடிக்கணுமா?” என்றார் அக்கா.

“பேப்பர்லதானே சாவறேன்.”

“பேப்பர்ல ஒன்ன சாவடிச்சா அரசாங்கத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்த காட்டித்தான் ஒனக்கே பென்ஷன் குடுக்கச் சொல்றேன். நல்லாவா கீது?”

“நல்லா இல்லதான். ஆனா கைக்கு வருதே!” விக்டரின் குரல் உயர்ந்தது. “ஒனக்கு இன்னா, மாசா மாசம் சம்பளம். எங்க கேட்டுல கீறவங்க மூஞ்சிய நாளைக்கு நான்தான பாக்கணும்? எங்கக்காதான் கெடுத்தாங்கன்னு சொல்லுவானுங்க. நான் இன்னா சொல்லட்டும்?”

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பேசியது அம்மா. அதுவரை பரிமாறிக்கொண்டிருந்தவர். “உங்கப்பா மட்டும் இன்னும் கொஞ்ச நாளு இருந்திருந்தா எவ்ளோ பணம் வந்திருக்கும்னு நான் கணக்குப் போட்டதே இல்ல. இருந்திருந்தா சண்ட போட்டிருப்பாரு. கறியில உப்பு இல்லன்னு தட்டத் தள்ளியிருப்பாரு. அத எந்தக் கட்டத்துல போடுவ நீ?”

விக்டர் தட்டை நீட்டினான். “செத்தவன் கேக்கறேன், இன்னொரு துண்டு வை.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் தட்டில் கறியை வைத்தார், ஒன்றல்ல, நிறைய.

“செலவு ஏறுதுன்னா நீ உயிரோட கீறன்னு அர்த்தம்டா,” என்றார். “ஏறட்டும்.”

*

மாற்றினார். நிரந்தர ஊழியர்களின் அட்டவணையையே ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் வைத்தார். தொகை ஏறியது, அவர் பயந்ததைவிட அதிகமாக.

உதவியாளரை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மேடம், முதல் எண்ணே நன்றாக இருந்ததே.”

“நல்லாத்தான் இருந்தது. தப்பா இருந்தது.”

“அப்படியானால் இந்தப் பிரிவு கஷ்டம். எடுத்துவிட்டுத்தான் வைப்பார்கள்.”

“எடுங்க. எடுத்ததால அரசாங்கத்துக்கு இவ்வளவு மிச்சம்னு ஒரு பக்கம் எழுதித் தர்றேன். யார்கிட்ட இருந்து மிச்சம்னும் எழுதறேன். வேணுமா?”

மறுமுனையில் அவர், வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார்.

பிரிவு போயிற்று. மீதி மசோதா முன்வைக்கப்பட்டது, விவாதத்துக்கு வரவே இல்லை. தனிநபர் மசோதாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் நடக்கும். அந்தப் பிரிவு இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நான் அக்காவிடம் சொன்னேன். ஆறுதலாகச் சொன்னேன்.

“அது எனக்கு அன்னிக்குத் தெரியாதே” என்றார். “தெரியாததுக்கு சைபர் போட முடியாதுப்பா.”

ரயிலில் கொஞ்ச நாள் சிலர் அவரிடம் பேசவில்லை. வழியில் தொழிற்சாலை நிறுத்தத்தில் இறங்குபவர்கள் சிலர் வேறு பெட்டியில் ஏறினார்கள். அவர் அதைப் பார்க்காதவர்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். விக்டரும் தொழிற்சாலை கேட்டில் என்னென்ன பேச்சு வாங்கினானோ, வீட்டில் சொல்லவில்லை. இறுக்கத்தை உடைத்தவர் ராஜேந்திரன் அண்ணன்தான். ஒரு நாள் நெரிசலில் ஒரு பையன் “ஸ்வல்ப எழுந்திரிங்க தாத்தா, லேடீஸ் நிக்கறாங்க” என்றதும் அண்ணன் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “யாருடா தாத்தா? ஜெசிந்தா கணக்குப்படி எனக்கு இன்னும் ரொம்ப நாளு கீது. போய் அவங்கள கேளு.”

வேறு பெட்டியிலிருந்து திரும்பி வந்திருந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தார்: “ஆமாம்மா, எங்கள நல்லா வாழ வெச்சுட்டு பென்ஷன மட்டும் கட் பண்ணிட்டீங்க.”

“வாழ்ந்து காட்டுங்க மொதல்ல” என்றார் அக்கா. “அப்புறம் வந்து கேளுங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

*

கல்லறையில் கூட்டம் அதிகம். தொழிற்சாலையிலிருந்து ஷிப்டு முடித்து அப்படியே வந்தவர்கள் இருந்தார்கள். சாம்பல் நிறச் சட்டை, கையில் ஹெல்மெட். ஒப்பந்தக்காரர்கள். அவர்களில் பலர் அக்காவிடம் பேசியதே இல்லை.

பாதிரியார் ஜெபித்து முடித்ததும் ஒவ்வொருவராக மண் போட்டோம். ராஜேந்திரன் அண்ணன் என் பக்கத்தில் நின்றிருந்தார். “எங்களுக்கெல்லாம் அத்தினி வருசம் போட்டுக் குடுத்துட்டு...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அக்காவுக்கு வயது நாற்பதுகளின் நடுவில்தான்.

விக்டர் கடைசிவரை நின்றான். எல்லோரும் நகர்ந்த பிறகு என்னிடம் வந்தான். “அந்தக் கணக்க நீ வெச்சிருக்கியாப்பா? எங்களுக்குப் போட்டது. திருத்தினது.”

இருக்கிறது என்றேன்.

“பணத்துக்குக் கேக்கல. எங்களப் பத்தி இன்னா எழுதினாங்கன்னு பாக்கணும்.”

மறுநாள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

*

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதில்தான் இருக்கிறது.

எண்ணைத் திருத்திய அன்று, அதற்குக் கீழே விளக்கம் எழுத வேண்டியது என் வேலை. நான் ஒரு முழுப் பத்தி எழுதினேன். உழைப்பு, கண்ணியம், வரலாற்று அநீதி எல்லாம் இருந்தது. பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அக்கா படித்தார். “அழகா கீது.”

“ஆனா?”

“அழுகாச்சியா கீது. டெல்லியில படிக்கறவன் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவான். ஒரே வரி. கணக்குல இன்னா செஞ்சோமோ அத மட்டும் சொல்லு.”

ஒவ்வொரு வாக்கியமாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டேன். ‘கண்ணியம்’ என்ற சொல்லுக்காகக் கடைசிவரை போராடினேன். “அது எந்தக் கட்டத்துல கீது, காட்டு” என்றார். காட்ட முடியவில்லை. கடைசியில் ஒரு வரி நின்றது. அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “போதும்பா. வா, ட்ரெயினு போய்டும்.”

பிரிவை எடுத்தபோது அந்தப் பக்கமும் போயிற்று. அது அச்சாகவில்லை. எந்த அவையிலும் யாரும் அதைப் படிக்கவில்லை. இப்போது ஒரு பிரதி விக்டரிடம் இருக்கிறது. அவன் அதைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக் கேட்டுக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். ஷிப்டு மாறும் நேரத்தில் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது.

நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரியை. சொற்கள் என்னுடையவை. எழுதியவர் ஜெசிந்தா அக்கா. இப்போது எந்த மதிப்பீடு என் மேசைக்கு வந்தாலும், அதில் யாருடைய ஆயுளுக்காவது அட்டவணை இல்லாத இடம் இருந்தால், அந்த வரியைத்தான், ஆட்களை மட்டும் மாற்றி, முதலில் எழுதுகிறேன். பிறகுதான் எண்கள்.

‘ஒப்பந்தத் தொழிலாளர்களும் மற்றவர்களைப் போலவே வாழ்வார்கள் என்று இந்த மதிப்பீடு எடுத்துக்கொள்கிறது.’